எலும்பு கூடிருச்சு... அப்புறம்?

1959-ம் ஆண்டு. சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகம். குண்டுமணி என்ற கனத்த உடம்புக்காரரைத் தூக்கும் சண்டைக் காட்சியில் எம்.ஜி.ஆருக்குக் கால் எலும்பு முறிந்தது. படப்பிடிப்புகள் நின்றன. இனி இவரால் பழையபடி சண்டை போட முடியுமா என்று பேச்சு கிளம்பியது. மனிதர் மாதக்கணக்கில் ஓய்வெடுத்துத் திரும்பி வந்தார். 1978-ல் கடைசிப் படம் வரும்வரை கத்தி சுழற்றினார்.

கால் முறிந்து படுத்திருக்கும் யாரைப் பார்க்கப் போனாலும் ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இந்தக் கதையையும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம். “எம்.ஜி.ஆருக்கே கால் உடைஞ்சுது. அப்புறம் அவர் ஓடியாடி நடிக்கலையா? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு தம்பி, எல்லாம் சரியாயிடும்.” சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் எம்.ஜி.ஆருக்குச் சிலம்பமும் கத்தியும் பழகிய உடம்பு இருந்தது. கூப்பிட்டால் ஓடிவர மருத்துவர்கள் இருந்தார்கள். இன்று வேலைக்குப் போகாவிட்டால் நாளை அடுப்பு எரியாது என்ற நிலைமை இல்லை. கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் ராமநாதபுரத்தில் பனையேறுகிறவருக்கும் அதே எலும்பு அதே இடத்தில் முறிந்தால் கதை வேறு பாதையில் போகிறது. அந்தக் கதை, கட்டுப் பிரித்த அன்றுதான் ஆரம்பமாகிறது.

“எலும்பு கூடிருச்சு, இனிமே நடக்கலாம்.” எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து டாக்டர் இப்படிச் சொன்னதும் எல்லாம் முடிந்ததாகவே எடுத்துக்கொள்கிறோம். டாக்டருக்கு வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார். இன்ஷூரன்ஸ்காரர்கள் கோப்பை மூடுகிறார்கள். “எப்ப வேலைக்கு வர்றே?” என்று மேஸ்திரி போன் போடுகிறார். வீட்டிலும் தாங்குவது மெல்ல நின்றுபோகிறது. முட்டி பாதிதான் மடங்குகிறது, மணிக்கட்டு திரும்ப மறுக்கிறது, படி இறங்கினால் உயிர் போகிறது என்பதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாது. நம் ஏற்பாடுகள் அத்தனையும் கேட்பது ஒரே கேள்வி: எலும்பு கூடியதா? முன்பு செய்த வேலையை இந்த மனிதரால் இப்போது செய்ய முடிகிறதா என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. சாரத்திலிருந்து விழுந்தவர்கள், குளியலறையில் வழுக்கியவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. எலும்பு முறிந்தால் சட்டத்தின் கண்ணில் அது ‘கொடுங்காயம்’. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். தொடை எலும்புக்கும் முன்பல்லுக்கும் ஒரே தராசு. அந்த 4,43,366 பேரில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் தாங்கித் தாங்கி நடக்கிறார்கள் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு பத்தி கிடையாது.

எலும்பின் மேல் குற்றமில்லை

உண்மையில் எலும்பு நல்ல பிள்ளை. தோல் கிழிந்தால் தழும்பு விழும். தசை கிழிந்தாலும் தழும்புதான். எலும்பு மட்டும் எலும்பாலேயே தன்னை ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. சில வாரங்களில் அங்கே மெத்தென்று குருத்தெலும்பு போன்ற ஒரு திசு உருவாகி, பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படுகிறது. அதன் பிறகும் வேலை ஓயாது. தேவையில்லாத மேட்டைக் கரைத்து, எடை விழும் பக்கம் பலம் சேர்த்து, மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் தன்னைச் சீர்செய்துகொண்டே இருக்கிறது. சுமக்கும் எடைக்கு ஏற்பத்தான் எலும்பின் உள்வடிவம் அமைகிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். கைக்கு 6 வாரம், காலுக்கு 12 வாரம் என்பது மருத்துவர்களின் தோராயக் கணக்கு. புகைபிடிக்கிறவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது இழுக்கும்.

கெட்டுப்போவது எலும்பின் அக்கம்பக்கம். கட்டுக்குள் அசையாமல் கிடந்த மூட்டின் உறை சுருங்கி இறுகுகிறது. தொடைச் சதை சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி வற்றிவிடுகிறது. தசைநார்கள் பக்கத்துத் தழும்போடு ஒட்டிக்கொள்கின்றன. முறிவு மூட்டுக்குள்ளேயே ஓடியிருந்தால் இன்னும் மோசம். மூட்டின் முகப்பில் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு, எலும்பு மாதிரி திரும்ப வளராது. அங்கே ஒரு சிறு படி விழுந்தாலும் அது உரசி உரசி, அறுபதில் வரவேண்டிய மூட்டுத் தேய்மானத்தை நாற்பதிலேயே கொண்டுவந்துவிடும்.

இந்த இடத்தில் ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு முறிந்த வீட்டில் முதலில் அடுப்பேறுவது அதுதான். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எலும்பைக் கொதிக்கவைத்தால் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து பெரிதாகத் தண்ணீரில் இறங்கிவிடுவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. விலையும் குறைவு. சூப்புக்கு ஆகும் காசில் பாதியை முட்டைக்கும் பருப்புக்கும் கேழ்வரகுக்கும் கொடுத்தால் வற்றிய சதைக்கும் ஆகும்.

ஐந்து டிகிரிக்கு ஒரு அலறல்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரில் தோள்பட்டைக்காகச் சுழற்றும் இரும்புச் சக்கரம். மூலையில் மெழுகை உருக்கி வைத்திருக்கும் தொட்டி. அதில் விரல்களை முக்கி எடுத்து, வெள்ளைக் கையுறை போட்டதுபோல ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவர் லாரி டிரைவர். தொடை எலும்பில் ராடு வைத்து நான்கு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது.

இயன்முறை மருத்துவர் இளம்பெண். கணுக்காலைப் பிடித்து மெதுவாக மடக்கினார். “அண்ணே, மூச்சைப் பிடிக்காதீங்க. விடுங்க. விட்டுக்கிட்டே இருங்க.” கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. அளவுகோலை முட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “எழுபது” என்றார். “இன்னொரு தடவை போவோமா?” பதில் வரவில்லை, ஒரு அலறல்தான் வந்தது. “எழுபத்தஞ்சு. போதும்ணே. இன்னிக்கு நல்லாப் பண்ணிட்டீங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “போன வாரமும் எழுபத்தஞ்சுதானேம்மா?” போன வாரமும் எழுபத்தைந்துதான். நடுவில் மூன்று நாள், பஸ்ஸுக்குக் காசில்லாமல் வரவில்லை. முட்டி பழைய இடத்துக்கே போய்விட்டது.

நாற்காலியில் உட்கார முட்டி சுமார் 90 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாற்காலி, மேஜை, மேற்கத்தியக் கழிப்பறை என்று இருப்பவர் 100, 110 டிகிரியோடு நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். சம்மணம் போட்டு உட்கார 120-க்கு மேல் வேண்டும். குந்தி உட்கார 130-ம் தாண்ட வேண்டும். களையெடுப்பது, கோலம் போடுவது, பந்தியில் சாப்பிடுவது, தொழுகையில் மண்டியிடுவது, நம் வீடுகளின் கழிப்பறை என எல்லாமே அந்தக் கடைசி முப்பது டிகிரியில்தான் இருக்கின்றன. அந்த டிரைவர் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் பிளேடைக் காய்ச்சி ஓட்டை போட்டு, அதைக் கழிப்பறைக்கு மேல் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த ஓட்டை நாற்காலி இல்லாத தெரு அநேகமாக இருக்காது. மருத்துவமனை கொடுத்ததல்ல, குடும்பங்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டது.

கொத்தனார்களுக்கு வேறு விதம். சாரத்திலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் காலூன்றித்தான் விழுகிறார். முழு எடையும் குதிகாலில் இறங்கி, அந்த எலும்பு நசுங்குகிறது. சில சமயம் இரண்டு குதிகாலும், கூடவே முதுகெலும்பும். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுகிறவர்களுக்கும் இதே கதிதான். குதிகாலுக்கு மேலுள்ள மூட்டுதான் பாதத்தை உள்ளேயும் வெளியேயும் சாய்க்கிறது. அது இறுகிப்போனால் சிமென்ட் தரையில் நடப்பதில் பெரிய தொந்தரவு தெரியாது. ஜல்லி கொட்டிய இடத்திலும், வரப்பிலும், ஏணிப்படியிலும்தான் தெரியும். கொத்தனார் நடக்க வேண்டிய இடங்கள் அவைதானே? அவருக்கு மருத்துவச் சான்றிதழ் சொல்வது சிறு ஊனம். மேஸ்திரி சொல்வது, “மேல ஏற வேணாம், கீழ நின்னு கலவை போடு.” கொத்தனார் சம்பளம் சித்தாள் சம்பளமாகிறது. எலும்பு முறிவின் நீடித்த விளைவு என்ன என்று கேட்டால், அதிகம் பேருக்கு இந்தச் சம்பள வித்தியாசம்தான் என்பேன்.

திருநீறு வாங்க நீளும் கை

டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ல் மணிக்கட்டு முறிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எக்ஸ்ரே வர இன்னும் 81 ஆண்டுகள் இருந்த காலம் அது. கையால் தொட்டுப் பார்த்தே அந்த முறிவை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. கோணல் காலத்துக்கும் போகாது, ஆனால் போகப்போக வலியின்றிக் கை எல்லாப் பக்கமும் நன்றாக அசையும் என்பது அவருடைய முடிவு. வயதானவர்கள் பலருக்கு அது சரியாகவே இருக்கிறது. எல்லோருக்கும் அல்ல.

நம் ஊரில் இந்த முறிவு அதிகம் வருவது ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு. மாதவிடாய் நின்றபின் எலும்பு மெலிகிறது. ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார்கள். மாவுக்கட்டு பிரித்ததும் வீட்டு வேலை காத்திருக்கிறது. துணி பிழிய முடியவில்லை. இட்லிப் பானையைத் தூக்க முடியவில்லை. இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது. முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று சுழன்றால்தான் அது முடியும். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தால் அந்தச் சுழற்சிதான் முதலில் அடிபடும். கோயிலில் திருநீறு வாங்கக் கையை நீட்டினால் உள்ளங்கை பாதியிலேயே நின்றுவிடும். முழங்கையை உடம்போடு ஒட்டி, தோளைச் சாய்த்து, உடம்பையே வளைத்து வாங்குவார்கள். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகவும் அதே சுழற்சி வேண்டும். ஸ்பூனில் சாப்பிடுகிறார் என்றால் பக்கத்து இலைக்காரர் ஏதோ நாகரிகம் என்று நினைத்துக்கொள்வார்.

கட்டுப்போட்ட கை சிலருக்கு வேறு விதமாகவும் பழிவாங்கும். எலும்பு ஒழுங்காகக் கூடியிருக்கும். ஆனால் கை வீங்கி, சிவந்து, வியர்த்து, எரியும். சேலைத் தலைப்பு பட்டால்கூடத் தாங்காது. ஜெர்மன் மருத்துவர் பால் சூடெக் 1900-ல் விவரித்த நோய் இது. நரம்பு மண்டலம் அபாய மணியை அணைக்க மறந்துவிடுவது என்று சொல்லலாம். சீக்கிரம் கண்டுபிடித்து, கையை மெதுவாகப் பயன்படுத்தப் பழக்கினால் பெரும்பாலும் தணிந்துவிடும். “சும்மா நடிக்கிறா” என்று வீட்டிலும் “பயப்படாதீங்கம்மா” என்று ஓ.பி.யிலும் தள்ளிப்போட்டால் கை மரக்கட்டையாகிவிடும்.

எண்ணெய், மூங்கில், முழங்கை

புத்தூர் கட்டைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. திருத்தணிக்கு அப்பால், ஆந்திராவில் இருக்கும் புத்தூரின் பெயரைத் தாங்கிய பலகைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தொங்குகின்றன. மூங்கில் தப்பை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி. குமரியில் வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முறிவு வைத்தியப் பரியாரிகள். இவர்களை ஏளனம் செய்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. தோல் கிழியாத, விலகாத எளிய முறிவை அசையாமல் தாங்கிப் பிடித்தால் உடம்பே கூட்டிக்கொள்ளும். அதை மூங்கிலும் செய்யும், மாவும் செய்யும். மாவுக்கட்டே 1850-களில் நெதர்லாந்து ராணுவ மருத்துவர் மாதைசன் கொண்டுவந்ததுதான். அதற்கு முன் பெரும்பாலும் தப்பைதான்.

ஆபத்து எங்கே என்றால், இறுக்கிக் கட்டுவதில். அடிபட்ட கை உள்ளே வீங்கிக்கொண்டே போகும். கட்டு வழிவிடாது. ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் சாகும். பிழைத்த கை, விரல்கள் மடங்கிக் கூண்டுபோல நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபோல்க்மான் 1881-ல் எழுதிவைத்த அந்தக் கோரத்தை நம் மருத்துவமனைகள் இன்றும் பார்க்கின்றன. மாவுக்கட்டும் இதே கொடுமையைச் செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விரல் மரத்துப்போகிறது, நீலம் பாய்கிறது, விரலை நீட்டினாலே வலி தாங்கவில்லை என்றால், கட்டியவர் யாராயிருந்தாலும் சரி, விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

காயத்தை மூடிக் கட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. 1981-ல் திருச்சிக்குப் பக்கத்தில் நடந்த பஸ் விபத்தில் நடனக் கலைஞர் சுதா சந்திரனுக்குக் கால் அடிபட்டது. உள்ளூரில் முதல் சிகிச்சை. பிறகு சென்னைக்குக் கொண்டுவந்து பார்த்தபோது கால் அழுகத் தொடங்கியிருந்தது. வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் காலோடு அவர் மேடையேறியதை நாடே கொண்டாடியது. அவர் கதை ‘மயூரி’ படமாகவும் வந்தது. கொண்டாட வேண்டியதுதான். அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியாதா என்ற கேள்வி மட்டும் கைதட்டலில் கேட்காமல் போனது.

குழந்தைகளின் முழங்கைக்கு வருவோம். கொய்யா மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். சரியாக நிறுத்தாமல் கூடினால் கை உள்பக்கமாக வளைந்து நிற்கும். சாப்பிட, எழுத இடைஞ்சல் இருக்காது. முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிடுவார்கள். பதினெட்டு வயதில் காவல் துறை, ராணுவத் தேர்வின் மருத்துவப் பரிசோதனையில் சட்டையைக் கழற்றச் சொல்லும்போது அது வெளியே வரும். இன்னொன்று, எண்ணெய் நீவுதல். கட்டுப் பிரித்தபின் முழங்கை இறுகியிருக்கும். பாட்டிக்குத் தெரிந்த ஆள் வந்து எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவார், வம்பாக மடக்குவார். முழங்கை இதைப் பொறுக்காது. கிழிந்த தசைக்குள் ரத்தம் கட்டி, அங்கே புதிதாக எலும்பு வளர்ந்துவிடும். வளர்ந்தபின் மூட்டு பூட்டியதுதான். முழங்கையைப் பிள்ளையே தன் பலத்தால் மடக்கி நீட்ட வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

கட்டு வைத்தியர்களை விரட்டுவதால் பயனில்லை, பழக்கி எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஹ்யூ ஓவன் தாமஸ் வேல்ஸில் கட்டு வைத்தியப் பரம்பரையில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு, குடும்பத் தொழிலின் பொறுமையையும் விடாமல் வைத்திருந்தார். அவர் செய்த இரும்புத் தாங்கியை அவருடைய மனைவி வழி உறவினர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். தொடை எலும்பு முறிந்த சிப்பாய்களின் சாவு 80 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடு அளவுக்கு இறங்கியது.

கூடாத எலும்பு

சில எலும்புகள் கூடுவதே இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடுத்தது எலும்புதான். சதைப் போர்வை இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு. பைக் விபத்துகளில் அதிகம் சிதறுவது அதுவே. காயம் திறந்து, மண் புகுந்து, சீழ் பிடித்து, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். இப்படிப்பட்ட காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்று முடிவெடுக்க உதவும் மதிப்பெண் முறையைக் கோவை கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்டார்கள். பைக் விபத்துக் கால்களை அதிகம் பார்த்த ஊரிலிருந்துதான் அது வந்தது.

ஒன்றரை அங்குலம் குறைந்துபோன எலும்பை வளர்க்கவும் வழி உண்டு. சைபீரியாவின் குர்கான் நகரத்து மருத்துவர் கவ்ரீல் இலிஸாரோவ் கண்ட வளையக் கருவி அது. காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், எலும்பை ஊடுருவும் கம்பிகள். ஆரம்பத்தில் சைக்கிள் ஸ்போக்கையே பயன்படுத்தினாராம். நோயாளியே ஸ்பேனரை எடுத்து, வேளைக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் ஒரு நாளுக்கு நான்கு முறை திருகுவார். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, அதில் புது எலும்பு. டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற சோவியத் வீரர் வாலெரி புருமெலுக்கு 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்து. ஆண்டுக்கணக்கில் பல ஆபரேஷன்களுக்கும் மசியாத கால், 1968-ல் இலிஸாரோவிடம் போனபின் கூடியது. புருமெல் மறுபடி 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். அவருடைய பழைய உலக சாதனையான 2.28 மீட்டரை எட்டவேயில்லை. உலகத்தின் மிகச் சிறந்த சிகிச்சைக்கும் அப்படி ஒரு மிச்சம் உண்டு.

நம் ஊர்க் குட்டைக் கால்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் சிகிச்சை, பஸ் நிலையத்து மூலையில் செருப்புத் தைக்கிறவர்தான். ஒற்றைச் செருப்பை மட்டும் வாங்கி, அடியில் பழைய டயர் ரப்பரை அடுக்கு அடுக்காக ஒட்டி, ஓரத்தைச் சீவி, போட்டு நடக்கச் சொல்லிப் பார்த்து, இன்னும் ஒரு அடுக்கு ஒட்டித் தருவார். இரண்டு சென்டிமீட்டர் வரையிலான குறைக்கு இது போதும் என்றே எலும்பு மருத்துவர்களும் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் இடுப்பு மறுபடி சாய்ந்துவிடுகிறது. அந்த இடுப்பு பத்து வருஷம் கழித்து முதுகுவலியாகப் பேசும்.

‘பட்ட காலிலே படும்’ என்று பெரியவர்கள் சொன்னதற்கு மருத்துவத்திலும் ஆதாரம் இருக்கிறது. ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. மணிக்கட்டு முறிந்த ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்குக் கட்டு மட்டும் போட்டு அனுப்பிவிடுகிறோம். எலும்பின் அடர்த்தியைச் சோதித்து மருந்து தொடங்கினால் எழுபதில் இடுப்பு முறியாமல் இருக்கக்கூடும். இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 விழுக்காடு பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்கின்றன உலக அளவிலான ஆய்வுகள். எலும்பு கூடாமல் இறப்பதில்லை. படுக்கைப் புண், நுரையீரலில் சளி, ரத்தக் கட்டு, இவற்றோடு பயம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பாட்டி வாசலுக்கு வருவதை நிறுத்துகிறார். அடுத்து எழுந்திருப்பதை நிறுத்துகிறார். “ஆபரேஷன் வேணாம், இந்த வயசுல என்னத்துக்கு?” என்று வீட்டில் கூடிப் பேசி முடிவெடுப்பது பரிவு போலத் தெரியும். பெரும்பாலும் அது தவறான முடிவு. ஓரிரு நாளில் ஆபரேஷன் செய்து மறுநாளே வாக்கரில் நிற்கவைப்பதுதான் உயிர் காக்கும் வழி.

40-க்குக் கீழே

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இட ஒதுக்கீடு முதலான முக்கியச் சலுகைகள் 40 விழுக்காடு ஊனத்தில்தான் தொடங்குகின்றன. குட்டைக் கால், இறுகிய குதிகால், திரும்பாத மணிக்கட்டு எல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். காகிதத்தில் அவர் மாற்றுத்திறனாளி இல்லை. வேலைத்தளத்தில் முழு ஆளும் இல்லை.

நீதிமன்றம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: உடம்பில் எத்தனை விழுக்காடு ஊனம் என்பது வேறு, அவர் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போனது என்பது வேறு. இடது கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தப்பக்கூடும் என்று அந்தத் தீர்ப்பே உதாரணமும் காட்டியது. நஷ்டஈடு கேட்பவர்கள் தங்கள் தொழில் என்ன, அதில் எந்த அசைவு தேவை, அது இப்போது ஏன் முடியவில்லை என்பதை வாக்குமூலத்தில் விவரமாகச் சொல்ல வேண்டும். ‘கால் வலிக்கிறது’ என்றால் ஒரு தொகை, ‘ஏணி ஏற முடியவில்லை, கொத்தனார் கூலி போய்விட்டது’ என்றால் வேறு தொகை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. அந்தக் கெடு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கால் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் தருகிறது. அருமையான திட்டம், உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அப்படிக் காப்பாற்றிய உயிர் திரும்ப வேலைக்குப் போக 48 மணி நேரம் போதாது, 48 வாரம்கூட ஆகும். முட்டி மடங்குமா என்பது கட்டுப் பிரித்த முதல் சில மாதங்களில் தீர்மானமாகிறது. அந்த மாதங்களுக்கு இயன்முறைச் சிகிச்சைக்கு வந்துபோகும் பஸ் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியில் பாதியையும் அரசு கொடுத்தால், பின்னால் கொடுக்கும் உதவித்தொகையைவிடச் செலவு குறைவாகவே ஆகும். அந்த டிரைவருக்குத் தேவைப்பட்டது மூன்று நாள் பஸ் காசு. சுகாதாரத் துறை இதை யோசிக்க வேண்டும்.

கட்டுப் பிரிக்கும் நாளில் வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. “எலும்பு கூடிருச்சா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “நான் இந்த வேலை செய்கிறவன், அதற்குக் குந்த வேண்டும், ஏணி ஏற வேண்டும். அது எப்போது முடியும், அதற்கு இன்றிலிருந்து நான் என்ன பயிற்சி செய்ய வேண்டும்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். கட்டுமானத் தொழிலாளி என்றால் நல வாரியப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனைக்குப் போய்வர முடியாதவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் பிரிவும் உண்டு. உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். அதற்குக் காசு கிடையாது.